இன்செயின் சண்டையில் ஜெயித்தது யார்? – ‘குட்ஸ் கிளார்க்’ பதில்கள்

போன இதழில் பர்மாவில் ரங்கூனுக்கு வடக்கே இருக்கிற இன்செயினின் ரயில்வே லைன் வீடுகளைப் பற்றி எழுதும்போது, “1949 சண்டையில் எங்கள் லைனே காலியாகிவிட்டது” என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. இந்த மாதம் முழுக்க அதுதான். ஜாதகக் கேள்வி அனுப்பியவர்கள் மன்னிக்கவும். எனக்கு அது எந்த மாதமும் தெரியாது.

கேள்வி: எங்களுக்கு இன்செயின் என்றால் ஜெயில் மட்டும்தான். அங்கே என்ன சண்டை? யாருக்கும் யாருக்கும்?
– ஆர்.எம்., பெகு

பதில்: பர்மா சர்க்காருக்கும், இங்கே சிறுபான்மை இனமான கரேன்களுக்கும். நாடு சுதந்திரம் அடைந்தது 1948 ஜனவரி 4. இன்செயினில் துப்பாக்கி வெடித்தது 1949 ஜனவரி 31. பதிமூன்று மாதம் முழுசாக ஆகவில்லை. அதற்குள்ளேயே கம்யூனிஸ்டுகள் காட்டுக்குப் போய்விட்டார்கள். பட்டாளத்தில் இருந்த பெரும்பான்மை இனத்தவரான பர்மியர்களிலும் ஒரு பகுதி துப்பாக்கியோடு கம்பி நீட்டிவிட்டது.

கரேன்களின் கோபம் பழையது. யுத்தத்தில் அவர்கள் வெள்ளைக்காரன் பக்கம் நின்றார்கள். பர்மியர்கள் முதலில் ஜப்பான்காரனோடு சேர்ந்து வந்தார்கள். 1942-ல் டெல்டாவில் மியாங்மியா பக்கம் கரேன் கிராமங்களில் நடந்த கொலைகளை அவர்கள் மறக்கவில்லை. 1947 அரசியல் சட்டத்தில் ஷான், கரென்னி என்கிற வேறு இரண்டு இனங்களுக்குப் பத்து வருஷம் கழித்து வேண்டுமானால் பிரிந்துகொள்ளலாம் என்று எழுதினார்கள். கரேன்களுக்கு மாநிலம் எது, எல்லை எது என்பது முடிவாகவில்லை. முடிவு செய்வதும் லேசில்லை. மலையில் பாதி, டெல்டாவில் பாதி, ரங்கூனுக்குள்ளேயே கொஞ்சம் என்று அவர்கள் பரவிக் கிடந்தார்கள். எங்கே கோடு போட்டாலும் பாதிப் பேர் வெளியே நிற்பார்கள்.

1948 பிப்ரவரி 11 அன்று நாடு முழுக்கக் கரேன்கள் ஊர்வலம் போனார்கள். நான்கு கோஷம். கரேன் மாநிலம் உடனே வேண்டும். பர்மியனுக்கு ஒரு கியாட் என்றால் கரேனுக்கும் ஒரு கியாட். இனச் சண்டை வேண்டாம். உள்நாட்டுப் போர் வேண்டாம். நாலாவது கோஷத்தைப் போட்ட வருஷம் தாண்டுவதற்குள் போர் வந்துவிட்டது. 1948 கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி மெர்குய் பக்கம் பலோவில் ஆராதனைக்குப் போன கரேன்கள் கொல்லப்பட்டார்கள். ஜனவரி கடைசியில் ரங்கூனிலேயே ஆலோன் கரேன் பேட்டை எரிந்தது. அவர்களுடைய காவல்படையைச் சர்க்கார் தடை செய்தது. அப்புறம் இன்செயின்.

கேள்வி: ரங்கூனைப் பிடிக்க வந்தவர்கள் நேரே ரங்கூனுக்குப் போகாமல் இன்செயினில் ஏன் உட்கார்ந்தார்கள்? அங்கே என்ன இருக்கிறது?
– த.வே., நியாங்லேபின்

பதில்: இந்தக் கேள்விக்காக உங்களுக்கு ஒரு டீ வாங்கித் தரலாம். இத்தனை வருஷம் குட்ஸ் ஆபீசில் வே-பில் (சரக்குச் சீட்டு) எழுதியவனுக்கு இதைவிடப் பிடித்த கேள்வி கிடையாது.

ஒரு காகிதத்தை எடுங்கள். கீழே ரங்கூன் துறைமுகம். அங்கிருந்து வடக்கே ஒன்பது மைலில் இன்செயின். புரோம் போகிற ரயில் பாதை ஊருக்குள்ளேயே போகிறது. மேற்கே லைங் ஆறு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் டெல்டா, அதாவது கரேன் கிராமங்கள். இன்னும் கொஞ்சம் வடக்கே மிங்கலடோன் விமான நிலையம். புரோம் ரோடும் எட்டிப் பிடிக்கிற தூரம்தான். ஊருக்குள் என்ன இருக்கிறது? பர்மா ரயில்வேயின் லோகோ ஒர்க்‌ஷாப். பெட்டிகளும் வேகன்களும் மாண்டலேக்குப் பக்கத்தில் மிட்ங்கேயில். எஞ்சின் ரிப்பேர் என்றால் இன்செயின். அது நின்றால் நாட்டில் ஓடுகிற எஞ்சின் ஒவ்வொன்றாக நின்றுபோகும். அப்புறம் ஜெயில், வெள்ளைக்காரன் சக்கரம் மாதிரி கட்டிய கெட்டிச் சுவர். அப்புறம் செமினரி குன்று. அங்கே கரேன் பாப்டிஸ்டுகளின் வேதாகமக் கல்லூரி. சுற்றிலும் கரேன் வீடுகள். உயரமான இடம், சொந்த ஜனம், முதுகுக்குப் பின்னால் ஆறு. ரங்கூனை மிரட்ட இதைவிட நல்ல இடம் எது?

ஆக, அவர்கள் அங்கே போய் உட்காரவில்லை. அங்கேதான் இருந்தார்கள். ரங்கூனுக்கு ஒரு ராத்திரி நடை. முதல் சில நாளில் நகரத்தின் விளிம்பு வரைக்கும் வந்துவிட்டார்கள். அந்த நாட்களில் சர்க்காருக்கு ரங்கூனைத் தாண்டிக் கையில் இருந்தது கொஞ்சம்தான். வெளிநாட்டுப் பத்திரிகைக்காரர்கள் அதை ‘ரங்கூன் சர்க்கார்’ என்றே கேலியாக எழுதினார்கள். போதாக்குறைக்குச் சம்பளக் குறைப்பை எதிர்த்து அரசு ஊழியர்கள் வேலைநிறுத்தம் வேறு. பிரதமர் ஊ நூ எப்படித் தாங்கினார் என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். ஜோசியம் பார்ப்பார், பிரார்த்தனை செய்வார் என்று சிரிப்பார்கள். ஆனால் மனுஷன் ஊரை விட்டு ஓடவில்லை.

கேள்வி: மாமா, உங்கள் குடும்பம் அப்போது அங்கேதானே இருந்தது? நீங்கள் பார்த்ததை எழுதுங்களேன்.
– எஸ்., தட்டோன் (பத்தாம் வகுப்பு)

பதில்: நான் பார்த்தேன் என்றால் நம்பாதே கண்ணு, நான் அப்போது இடுப்புக் குழந்தை. அம்மா சொன்னதும் அப்பா சொன்னதும்தான். இரண்டு பேரும் ஒரே கதையை இரண்டு மாதிரி சொல்வார்கள்.

அப்பா ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். எங்கள் லைனில் தமிழர், தெலுங்கர், ஒரிசாக்காரர், கரேன், ஆங்கிலோ-பர்மியர் எல்லோரும் கலந்து இருந்தோம். பக்கத்து வீட்டுக்காரர் கரேன், எஞ்சின் டிரைவர். அவர் மனைவிதான் முதல் நாள் சாயங்காலம் வேலிப் பக்கம் வந்து, “உங்க அண்ணன் வீட்டுக்கு நாலு நாள் போயிட்டு வாயேன்” என்று அம்மாவிடம் சொன்னாளாம். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. பித்தளைப் பாத்திரங்களைக் கொய்யா மரத்தடியில் புதைத்துவிட்டு, என்னை இடுப்பிலும் அக்காவைக் கையிலும் பிடித்துக்கொண்டு தண்டவாளத்தோடு ரங்கூனைப் பார்க்க நடந்தாள். அப்பா மறுநாள் வந்து சேர்ந்தார்.

தாய்மாமா ரங்கூன் முகல் தெருவில் ஒரு செட்டியார் கிட்டங்கியில், அதாவது வட்டித் தொழில் நடக்கும் கூடத்தில், சமையல். அந்தக் கூடத்தில்தான் நாங்கள் அத்தனை நாளும் இருந்தோம். முன்பெல்லாம் அங்கே ஒரு கூடத்தில் பல மார்க்கா (வட்டிக் கடை), ஆளுக்கு ஒரு பாய், ஒரு சாய்வு மேசை, ஒரு இரும்புப் பெட்டி என்று நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்களாம். 1948-ல் நில தேசியமயச் சட்டம் வந்த பிறகு செட்டிமார்கள் ஒவ்வொருவராக ஊருக்குக் கப்பலேறிவிட்டார்கள். காலி மேசைகளுக்கு நடுவே எங்களைப் போல ஓடிவந்த நாலைந்து குடும்பங்கள் படுத்துக்கிடந்தன. ராத்திரியில் வடக்கே பீரங்கி கேட்டால் இரும்புப் பெட்டிகளின் கைப்பிடி வளையம் கிணுகிணுவென்று ஆடுமாம். அக்கா அதை எண்ணிக்கொண்டே தூங்குவாளாம். அப்பா கேட்டால், “அதெல்லாம் இல்லை, பெருச்சாளி” என்பார்.

மழை தொடங்கினதும் திரும்பினோம். பாத்திரம் புதைத்த இடத்தில் அப்படியே இருந்தது. கூரைத் தகரத்தைக் காணோம். வாசல் நிலையில் ஒரு குண்டு துளைத்துப் போயிருந்தது. அப்பா அந்தத் துளையில் தேக்கு முளை ஒன்று அடித்து, சிம்னி விளக்கை மாட்டிவிட்டார். நான் பள்ளிக்கூடம் போகிற காலத்தில்கூட அந்த முளையில்தான் என் பை தொங்கும். பக்கத்து வீட்டுக் குடும்பம் திரும்பி வரவில்லை. பா-ஆன் பக்கம் இருப்பதாக ரொம்ப வருஷம் கழித்து ஆள் மூலம் சேதி வந்தது. அந்த வீட்டில் வேறு ஒரு டிரைவர் வந்துவிட்டார். அம்மா கடைசி வரைக்கும் அதைக் ‘கரேன்காரி வீடு’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கேள்வி: தலைநகரத்துக்கு ஒன்பது மைலில் நின்றவர்கள் ஏன் தோற்றார்கள்? துரோகமா?
– ஜி.கே., மோல்மேன்

பதில்: தோற்றவர்கள் எல்லோரையும் யாரோ காட்டிக்கொடுத்துத்தான் தோற்கடித்தார்கள் என்று சொல்வது நம் ஆட்களுக்கு ஒரு வழக்கம். இங்கே அது தேவையே இல்லை. சரக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

இன்செயினில் இருந்தவர்கள் இரண்டு பக்கமிருந்தும் உதவியை எதிர்பார்த்தார்கள். புரோமில் ஒரு கரேன் பட்டாளம்; டவுங்கூவில் ஒரு கரேன் பட்டாளம். புரோமிலிருந்து இறங்கியவர்களை வழியிலேயே மறித்து உடைத்துவிட்டார்கள். டவுங்கூ பக்கம் நடந்ததுதான் சுவாரசியம். அங்கே கரேன்களை அடக்கச் சர்க்கார் அனுப்பியது ஒரு கச்சின் பட்டாளத்தை; கச்சின்கள் வடக்கு மலை இனத்தவர். அதில் நா செங் என்று ஒரு கேப்டன். ஜப்பான் யுத்தத்தில் வெள்ளைக்காரனிடம் வீரப் பதக்கம் வாங்கியவர். அவர் கரேன்களைச் சுட மாட்டேன் என்று அவர்கள் பக்கமே போய்விட்டார். போனவர் தெற்கே வரவில்லை, வடக்கே ஏறினார். மெய்க்டிலாவைப் பிடித்தார். அங்கே நின்ற விமானங்களைப் பிடித்து, அதிலேயே ஆளை ஏற்றி அனிசக்கான் விமானத் தளத்தில் இறக்கி மேமியோவைப் பிடித்தார்! மார்ச்சில் மாண்டலே விழுந்தது. அப்புறம்தான் தெற்கே திரும்பினார்கள். பெகுவுக்குக் கொஞ்சம் வடக்கே தடுத்து நிறுத்தப்பட்டார்கள். (உங்கள் தாத்தா காலத்துப் பெகு ஆட்களைக் கேளுங்கள், ஆர்.எம். சார், தெரிந்திருக்கும்.) மாண்டலேயைப் பிடித்தது பெரிய காரியம்தான். ஆனால் முதலில் இன்செயின் வந்திருந்தால் கதை வேறு. என் அபிப்பிராயம் இது. படித்த பட்டாளக்காரர்கள் வேறு மாதிரி சொல்லலாம்.

சர்க்கார் பக்கம் சின் பட்டாளம், கச்சின்களில் இன்னொரு பகுதி, கூர்க்காக்கள், அவசரத்துக்குச் சேர்த்த ஊர்க்காவல் ஆட்கள். எண்ணிக்கை பெரிசில்லை. ஆனால் துறைமுகம் அவர்கள் கையில். அரிசி, எண்ணெய், தோட்டா எல்லாம் கப்பலில் இறங்கும். இன்செயினுக்குள் இருப்பவன் சுட்ட தோட்டா திரும்பி வராது. குட்ஸ் கிளார்க்கிடம் கேட்டால் யுத்தத்தைப் பற்றி இதைத்தான் சொல்வான்: ஊரைப் பிடிக்கத் துப்பாக்கி போதும், வைத்துக்கொள்ள வேகன் வரணும்.

ஏப்ரலில் சமாதானப் பேச்சு நடந்தது. கரேன் தலைவர் சா பா ஊ ஜீ, கேம்பிரிட்ஜில் படித்த வக்கீல், பாதுகாப்பு உறுதியோடு போர்முனையைத் தாண்டி ரங்கூனுக்கே வந்து ஊ நூவைப் பார்த்துப் பேசினார். சில நாள் துப்பாக்கி ஓய்ந்தது. அவர் ஏறக்குறைய ஒத்துக்கொண்டதை இன்செயினில் இருந்த தளபதிகள் ஒத்துக்கொள்ளவில்லை. மறுபடி சண்டை. மே 22 ராத்திரி கரேன்கள் லைங் ஆற்றைத் தாண்டி டெல்டாவுக்குள் போய்விட்டார்கள். மொத்தம் 112 நாள். ஓடவில்லை, சரணடையவில்லை, வரிசையாகப் படகேறிப் போனார்கள் என்று அப்பா சொல்வார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் மரியாதை இருக்கும்.

கேள்வி: எங்கள் தாத்தா 1964-ல் பர்மாவிலிருந்து கப்பலில் வந்தவர். கரேன் சண்டைக்கும் தமிழனுக்கும் என்ன சம்பந்தம்? அது அவர்கள் விவகாரம்தானே?
– பி.என்., வியாசர்பாடி, சென்னை

பதில்: உங்கள் தாத்தா கப்பலேறியதற்கு இன்செயினில் ஒரு காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

1949 ஜனவரி கடைசி வரைக்கும் பர்மாப் படைத் தளபதி யார் தெரியுமா? ஸ்மித் டன். அவரே கரேன். நாட்டின் தளபதி ஒரு கரேன், நாட்டை எதிர்ப்பவனும் கரேன் என்றால் மந்திரிகள் தூங்குவார்களா? அவரை ஒதுக்கிவிட்டு, அடுத்த இடத்தில் இருந்தவரை உட்கார வைத்தார்கள். அவர் நே வின். இரண்டு மாதத்தில் அவர் துணைப் பிரதமரும் ஆனார். பாதுகாப்பும் உள்துறையும் அவர் கையில். படையிலிருந்த கரேன் அதிகாரிகள் பலர் வீட்டுக்கோ காவலுக்கோ போனார்கள். காலியான நாற்காலிகளில் நே வின் ஆட்கள் உட்கார்ந்தார்கள். இன்செயினைக் காப்பாற்றிய படை என்கிற பெயர் அவர்களுக்கு வந்தது. நாங்கள் இல்லாவிட்டால் நாடு உடைந்திருக்கும் என்கிற பேச்சும் அங்கேதான் பிறந்தது.

1962 மார்ச் 2-ல் அதே நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964-ல் கடைகள் சர்க்காருக்குப் போயின. அந்த மே மாதம் 50, 100 கியாட் நோட்டு செல்லாது என்றார்கள். உங்கள் தாத்தா போன்றவர்கள், இந்தியர் மட்டுமே மூன்று லட்சம் பேர் என்று சொல்வார்கள், கையில் கொஞ்சம் காசோடு கப்பல்துறையில் வரிசையில் நின்றார்கள். துறைமுகச் சோதனையில் தாலியைத் தடவிப் பார்த்த கதையெல்லாம் உங்கள் பாட்டி சொல்லியிருப்பார்.

ஆகவே, இன்செயின் சண்டையில் ஜெயித்தது ஊ நூ என்று புத்தகத்தில் போடலாம். அவரையே பதிமூன்று வருஷத்தில் காவலில் வைத்தவர்தான் ஜெயித்தார் என்பேன் நான். சா பா ஊ ஜீ 1950 ஆகஸ்ட் 12-ல் தாய்லாந்து எல்லைப் பக்கம் பட்டாளத்திடம் மாட்டிக் கொல்லப்பட்டார். சமாதி கட்டினால் கும்பிட வருவார்கள் என்று உடலைக் கடலில் போட்டுவிட்டார்கள் என்பது கரேன்கள் எல்லோரும் சொல்வது. அவர்களுக்கு ஒரு மாநிலம் கிடைத்தது 1952-ல்தான், பா-ஆன் தலைநகர். டெல்டாக் கரேன்கள் அதற்கு வெளியேதான் இருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ரயில் போன வழியெல்லாம் நம் ஆட்கள் போனார்கள். பெகு, நியாங்லேபின், டவுங்கூ, மாண்டலே, லாஷியோ. பாயிண்ட்ஸ்மேன், கூலி, கடைக்காரன், வட்டிக்காரன். இந்த நாட்டில் படை நகர்வதும் அதே வழியில்தான். ‘அவர்கள் விவகாரம்’ என்று நாம் சொல்லலாம். நம் வீடுகள் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன.

கேள்வி: உங்களுக்கு சினிமாவே பிடிக்காதா? ஒரு நடிகை பற்றிக்கூட எழுதுவதில்லையே.
– ஒரு ரசிகன், டவுன்டவுன்

பதில்: பிடிக்கும். கேள்வி கேட்பவர்களுக்கு என்னைவிட அதிகம் தெரிகிறது. அடுத்தது.

கேள்வி: என் மருமகன் லாஷியோவில் டீக்கடை வைத்திருந்தான். 2024-ல் ஊர் விழுந்ததும் மாண்டலே வந்து எங்களோடு இருக்கிறான். அத்தனை ரத்தம் சிந்திப் பிடித்த ஊரைப் பிறகு ஏன் சும்மா திருப்பிக் கொடுத்தார்கள்? அவனுக்குப் புரியவே இல்லை.
– எம்.எஸ். அம்மாள், மாண்டலே

பதில்: அம்மா, 1949-ஐப் பற்றி எழுதும்போது என் பேனா ஓடும். இப்போதையதைப் பற்றி என்றால் மெதுவாகத்தான் நகரும். நான் இங்கே குடியிருப்பவன். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

லாஷியோ என்ன ஊர்? மாண்டலேயிலிருந்து கோக்தெய்க் பாலத்தைத் தாண்டிப் போகிற ரயில் அங்கே முடிகிறது. அங்கிருந்து சீனாவின் குன்மிங்குக்குப் போகிற பர்மா ரோடு அங்கே தொடங்குகிறது. 1942 ஏப்ரல் 29-ல் ஜப்பான்காரன் அதைப் பிடித்ததும் சீனாவுக்குச் சரக்குப் போகும் தரைவழி அறுந்தது. இன்றைக்கும் மூசே எல்லையிலிருந்து வரும் லாரிகள் அந்த ஊர் வழியாகத்தான் இறங்க வேண்டும். அதோடு வடகிழக்குப் படைத் தலைமையகமும் அங்கேதான். இந்த மாதிரித் தலைமையகம் நாட்டில் 14. அதில் ஒன்றுகூட அதுவரைக்கும் விழுந்ததில்லை.

2023 அக்டோபர் 27-ல் கோகாங், தாங், அரக்கான் என்கிற மூன்று இனப் படைகளும் சேர்ந்து சர்க்கார் படையைத் தாக்கத் தொடங்கின. ஜனவரியில் கோகாங்கின் தலைநகர் லவுக்காய் போனது. சீனா நடுவில் வந்து குன்மிங்கில் ஒரு போர்நிறுத்தம் செய்துவைத்தது. ஜூனில் அது உடைந்தது. ஜூலை தொடக்கத்தில் கோகாங் படை லாஷியோவைத் தொட்டது. ஒரு மாதம். ஆகஸ்ட் 3-ல் தலைமையகமே விழுந்தது. உங்கள் மருமகன் இதையெல்லாம் என்னைவிட நன்றாகச் சொல்வான். தலைக்கு மேலே கேட்டவன்.

திருப்பிக் கொடுத்ததற்குக் காரணம் மறுபடியும் சரக்குதான். கோகாங் சீன எல்லையை ஒட்டிய இடம். பெட்ரோல், மின்சாரம், மருந்து, இன்டர்நெட் எல்லாம் சீனாவிலிருந்து வரணும். லாஷியோ விழுந்தது சீனாவுக்குப் பிடிக்கவில்லை. எல்லைக் கதவுகளை மூடினார்கள், மின்சாரத்தை நிறுத்தினார்கள். கோகாங் தலைவர் வைத்தியத்துக்காகச் சீனாவில் இருக்கிறார் என்று சேதி வந்தது. 2025 ஏப்ரலில் சீனக் கண்காணிப்பாளர்கள் முன்னால் நிற்க, ஒரு வெடிகூட வெடிக்காமல் ஊர் மறுபடி சர்க்கார் கைக்குப் போனது. இன்செயினில் இருந்தவர்களுக்குக் கப்பல் கிடையாது; இவர்களுக்கு இருந்த ஒரே கதவின் சாவி அடுத்தவன் இடுப்பில் இருந்தது.

ஒரு கிளைக்கதை, உங்களுக்குப் பிடிக்கும். மேலே சொன்ன நா செங் 1950-ல் சீனாவுக்குள் போனார். 1968 ஜனவரியில் பர்மாக் கம்யூனிஸ்ட் படையோடு வடக்கு ஷான் மலைக்குள் திரும்பி வந்தார். அந்தக் கம்யூனிஸ்ட் படையில் சேர்ந்த கோகாங்காரர்கள்தான் 1989-ல் கட்சியை உடைத்துக்கொண்டு தனிப் படையானார்கள். லாஷியோவைப் பிடித்தது அந்தப் படைதான். 1949-ல் மெய்க்டிலாவில் விமானம் பிடித்த ஆளின் நூல் இங்கே வந்து முடிச்சு விழுகிறது.

மருமகன் திரும்பிப் போகலாமா என்று கேட்கவில்லை நீங்கள். ஆனாலும் சொல்கிறேன். கடை இருந்த இடத்தின் காகிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அங்கே இருப்பவர்களிடம் பேசி, ரோட்டில் லாரி தினமும் இறங்குகிறதா என்று கேளுங்கள். லாரி ஓடினால் டீக்கடை ஓடும். பாலத்தைப் பொறுத்தவரை, கோக்தெய்க் பாலத்தை 1901-ல் அமெரிக்கக் கம்பெனி ஒன்று கட்டியது. 2025 ஆகஸ்டில் அதுவும் அடிபட்டது. அடித்தது யார் என்று இரண்டு பக்கமும் ஒன்றையொன்று கை காட்டுகின்றன. ரயிலை நம்பி மூட்டை கட்ட வேண்டாம்.

கேள்வி: மியாவடி எல்லையை 2024-ல் கரேன்கள் பிடித்தார்கள் என்றார்கள், இரண்டே வாரத்தில் இல்லை என்றார்கள். எது உண்மை?
– கே.ஏ., மோல்மேன்

பதில்: இரண்டும். ஏப்ரல் 11-ல் ஊரில் கடைசியாக இருந்த 275-ஆம் பட்டாளத்தின் முகாம் கரேன் படையிடம் போனது. அங்கிருந்த சிப்பாய்கள் இருநூறு பேர் போலத் தாய்லாந்துக்குப் போகிற இரண்டாம் பாலத்தடியில் போய் நின்றார்கள். அந்த ஊரில் இன்னொரு கரேன் படையும் உண்டு, சா சிட் தூ என்பவருடையது, முன்பு சர்க்காரின் எல்லைக் காவல் படை. அவர்கள் உதவியோடு மாதக் கடைசிக்குள் சர்க்கார் கொடி மறுபடி ஏறியது. பாலம் வழியாக வரும் சரக்கின் சுங்கம் எல்லோருக்கும் வேண்டும். அதனால் அந்த ஊரை யாரும் முழுசாக உடைப்பதில்லை. யாரும் முழுசாக விடுவதும் இல்லை. உங்கள் கடைக்கு வரும் தாய்லாந்து சோப்பு விலை ஏறுவதும் இறங்குவதும் பாலத்தைவிட, பாலத்திலிருந்து உங்கள் ஊர் வரைக்கும் வரும் ரோட்டில் எத்தனை இடத்தில் நிறுத்துகிறார்கள் என்பதைப் பொறுத்தது. லாரி டிரைவரைக் கேளுங்கள், விரல் விட்டு எண்ணிச் சொல்வார்.

கேள்வி: எங்கள் பள்ளி நண்பர்கள் நாலு பேர் இன்செயின் சண்டை நடந்த இடங்களைப் பார்க்க வரலாம் என்றிருக்கிறோம். என்ன பார்க்கலாம்?
– எல்.ஆர்., பெகு

பதில்: வாருங்கள். ரங்கூன் சென்ட்ரலில் சர்க்கிள் ரயில் ஏறி இன்செயினில் இறங்குங்கள். காலை வண்டியில் காய்கறிக் கூடைகளோடு இடம் கிடைக்காது; ஒன்பது மணிக்கு மேல் ஏறுங்கள். ஸ்டேஷனிலிருந்து ஒர்க்‌ஷாப் சுவர் நடந்து போகிற தூரம். உள்ளே விட மாட்டார்கள். செமினரி குன்றில் ஏறலாம். வாசலில் சொல்லிவிட்டுப் போனால் மரியாதையாக நடத்துவார்கள். மேலே போனால் ஆறு எந்தப் பக்கம், ரங்கூன் எந்தப் பக்கம் என்று தெரியும். ஏன் அந்தக் குன்றை விட மனசு வரவில்லை என்பதும் தெரியும். சண்டைக்கு என்று ஒரு கல்வெட்டு தேடி அலையாதீர்கள்.

ஜெயில் பக்கம் போனால் போனைப் பையில் போட்டுவிடுங்கள். படம் எடுக்கவே வேண்டாம், விளையாட்டுக்குக்கூட. ஜனவரி 31-ஐக் கரேன்கள் புரட்சி தினமாக இன்றும் கொண்டாடுகிறார்கள். அந்தத் தேதியை ஒட்டி வராமல் இருப்பது உங்களுக்கு நல்லது. ஞாயிற்றுக்கிழமையும் வேண்டாம், குன்றில் ஆராதனைக் கூட்டம். புதன் அல்லது வியாழன் வாருங்கள். அடையாள அட்டையின் அசலை எடுத்து வாருங்கள், நகல் போதாது.